உஷார்! படைப் பதிவில் பிழை கிடந்தால் பிள்ளைதான் பாடுபடும்

டென்மார்க்கில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கும், இங்கே படையில் இருந்து வந்த நம் இளைஞர்களுக்கும் அவசரமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. உங்கள் பெயரில், அல்லது உங்கள் பிள்ளையின் பெயரில், படைத்துறையில் ஒரு கோப்பு இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? நான் கேட்ட குடும்பங்களில் அநேகமாக யாருமே பார்த்ததில்லை. வரிக் கணக்கை வரிக்கு வரி பார்க்கிறோம், வீட்டுக் கடன் தாளைப் பத்துப் பேரிடம் காட்டிக் கேட்கிறோம். இந்தக் கோப்பை மட்டும் அரசாங்கம் எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறோம். அங்கேதான் ஆபத்து.

ஏன் இப்போது இந்த அவசரம்? முன்பெல்லாம் 18 வயதான ஆண் பிள்ளைகள் மட்டும் கட்டாயமாகப் போய் வந்தார்கள். சீட்டு எடுத்தார்கள், பெரிய எண் வந்தால் வீட்டுக்கு வந்தார்கள். அகப்பட்டவர்களுக்கும் பெரும்பாலும் 4 மாதப் பயிற்சிதான். அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2025 ஜூலை 1-க்குப் பிறகு 18 வயதாகும் பெண் பிள்ளைகளுக்கும் இப்போது அதே கடமை, அதே சீட்டு. சேவைக் காலம் 2026-இலிருந்து 11 மாதமாகிறது. ஆண்டுக்கு ஐயாயிரத்துக்கும் குறைவாக இருந்த கட்டாயச் சேவையாளர் எண்ணிக்கையை 2033-க்குள் 6,500 ஆக்குவது அரசாங்கத்தின் திட்டம். ஹேர்னிங்கிலும் வைலேயிலும் ஹோல்ஸ்டெப்ரோவிலும் வளரும் நம் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு இனிப் படைக் கோப்பு என்று ஒன்று பருமனாகச் சேரப் போகிறது. ஹோல்ஸ்டெப்ரோவில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. யூலாந்து டிரகூன் ரெஜிமெண்டின் முகாம் ஊரிலேயே இருக்கிறது.

கோப்பு எப்படித் தொடங்குகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அழைப்புக் கடிதம் டிஜிட்டல் போஸ்டில் வரும். 15 வயது தாண்டினால் அரசாங்கக் கடிதமெல்லாம் பிள்ளையின் சொந்தப் பெட்டிக்கே போகும். 2014 நவம்பரிலிருந்து அதுதான் முறை. ஆகவே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்தக் கடிதம் கண்ணிலேயே படாது. கடிதத்தோடு உடல்நிலை பற்றிய படிவமும் வரும். பள்ளிப் பரீட்சைக் கவலையில் இருக்கிற பிள்ளை, பஸ்ஸில் உட்கார்ந்தபடி தொலைபேசியில் அதை நிரப்பி அனுப்பிவிடும். சின்ன வயதில் ஒரு பனிக்காலம் மூச்சு இழுத்ததை ஆஸ்துமா என்று போடுவதா விடுவதா, எந்த ஆண்டு எந்த ஆஸ்பத்திரி என்று வீட்டில் கேட்காமலே ஒன்றைக் குறித்துவிடும். பிறகு படைத்துறை நாள் என்று ஒரு முழு நாள்: டாக்டர் பார்ப்பார், அறிவுத் தேர்வு இருக்கும், தகுதி உண்டு, வரம்புக்குட்பட்ட தகுதி, தகுதி இல்லை என்று மூன்றில் ஒன்று எழுதப்படும். தகுதி உள்ளவர் 1-இலிருந்து 36,000 வரையுள்ள எண்களில் ஒன்றை எடுப்பார். அன்று மாலை பிள்ளை வீட்டுக்கு வந்து எண்ணை மட்டும்தான் சொல்லும். கோப்பில் ஏறிய மற்றெல்லாம் அங்கேயே இருக்கும்.

நமக்கென்று தனியாக இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது பெயர். தகப்பன் பெயர் முன்னால், பிள்ளையின் பெயர் பின்னால் என்பது நம் வழக்கம். இங்கே குடும்பப் பெயர் கடைசியில் வர வேண்டும். எண்பதுகளில் அகதியாக வந்தவர்களின் தாள்களில் எது குடும்பப் பெயர், எது அவருடைய பெயர் என்பதை அன்றைக்கு எழுதிய அலுவலர் எப்படிப் புரிந்துகொண்டாரோ அப்படியே நின்றுவிட்டது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு குடும்பப் பெயர், தங்கைக்கு இன்னொன்று. கல்யாணத்துக்குப் பிறகு மாறியது, குடியுரிமை எடுக்கும்போது சுருக்கியது, எழுத்துக் கூட்டியது குறைத்தது எல்லாம் சேர்ந்து, ஒருவருக்கே மூன்று எழுத்து வடிவங்கள் இருப்பது நம்மிடையே சாதாரணம்.

ஆள் எண் இருக்கிறதே, பெயர் எப்படி இருந்தால் என்ன என்று சொல்வீர்கள். அதில்தான் இரண்டாவது சிக்கல். டென்மார்க்கில் 1968-இல் வந்த அந்தப் பத்து இலக்க எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. பிறந்த தேதி பிழை என்று பின்னால் திருத்தினால், தேதி மட்டும் மாறாது. புது எண்ணே கொடுப்பார்கள். போர்க்காலத்தில் பிறப்புச் சான்று இல்லாமல் வந்து, உத்தேசமாக ஒரு தேதி எழுதப்பட்டு, பிறகு ஊரிலிருந்து சான்று எடுத்துத் திருத்தியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அப்படித் திருத்தியவர் அதற்கு முன் படையிலோ ஊர்காவல் படையிலோ பயிற்சி பெற்றிருந்தால், பழைய எண்ணில் கிடந்தவை எல்லாம் புது எண்ணோடு சரியாகச் சேர்ந்தனவா என்று அவரே கேட்டுப் பார்ப்பதுதான் பாதுகாப்பு. கணினி தானாகச் செய்திருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், எந்தப் பிரிவு என்பதும் வேண்டாம். கட்டாயச் சேவை முடித்து, ஒப்பந்தத்தில் தொடர்ந்து, ஒருமுறை வெளிநாட்டுப் பணிக்கும் போய் வந்தவர். இப்போது வேறு தொழில். படையில் ரிசர்வ் ஆள். ஒரு பயிற்சிக்கு விண்ணப்பிக்கத் தன் கோப்பின் நகலைக் கேட்டு வாங்கினார். அதில் அவர் வெளிநாட்டிலிருந்து திரும்பிய தேதி, உண்மையில் திரும்பியதற்கு ஒரு மாதம் முந்தியதாக இருந்தது. யாரோ முதல் குழுவினர் திரும்பிய தேதியை எல்லோருக்கும் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரு மாதம்தானே என்று அவரும் நினைத்தார். ஆனால் அவருக்குக் காதில் அடிபட்டது அந்தக் கடைசி மாதத்தில். தாளின்படி அந்த நாளில் அவர் அங்கே இல்லவே இல்லை. காது இரைச்சல் இன்று தாங்கக்கூடியதாக இருக்கிறது, பத்து வருஷத்தில் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அவர் எழுதிக் கேட்டார். உறுதிப்படுத்த முடியவில்லை என்று முதல் பதில் வந்தது. அன்றைய மேலதிகாரி வேறிடம் போய்விட்டார், பிரிவின் பட்டியல் கைவசம் இல்லை. அவரைக் காப்பாற்றியது என்ன தெரியுமா? சம்பளச் சீட்டு. வெளிநாட்டில் இருந்த நாளுக்கெல்லாம் தனிப்படி கொடுக்கப்பட்டிருந்தது. அந்தப் படி கடைசி மாதத்துக்கும் வந்திருந்தது. டிஜிட்டல் பெட்டியில் பழைய சீட்டுகளை அழிக்காமல் வைத்திருந்தபடியால் எடுத்து அனுப்பினார். தேதி திருந்தியது. இடம் போதவில்லை என்று பெட்டியைத் துப்புரவாக்கியிருந்தால் அவர் கதை என்ன?

இது அற்பமான விஷயம் இல்லை என்பதற்குக் காரணம் சொல்கிறேன். இந்த நாட்டில் படையில் இருந்தவர் எல்லோரும் வெட்டரன் ஆகிவிட மாட்டார்கள். குறைந்தது ஒரு வெளிநாட்டுப் பணியிலாவது அனுப்பப்பட்டவர்தான் அந்தக் கணக்கில் வருவார். ரிங்ஸ்டெட்டில் இருக்கும் வெட்டரன் மையத்தின் உதவி, அவர்களுடைய உளவியல் ஆலோசகர், குடும்பத்துக்கான ஆதரவு எல்லாம் கோப்பில் வெளிநாட்டுப் பணியைக் காட்டும் அந்த ஒரு வரியிலிருந்து தொடங்குகின்றன. போர்க்கள மன அதிர்ச்சி பல வருஷம் கழித்துத் தலைகாட்டும் என்பதை உணர்ந்துதான், தாமதமாக நோய் கண்டறியப்பட்ட வீரர்களுக்கென்று 2014-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். பத்து வருஷம் கழித்துக் கேட்கும்போது முதலில் தேடப்படுவது கோப்புத்தான். எங்கே இருந்தாய், எப்போது இருந்தாய், என்ன நடந்தது என்று அன்றே எழுதினார்களா என்பதுதான் முதல் கேள்வி.

இன்னொன்றும் உண்டு. ரிசர்வில் பொறுப்பான வேலைக்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அதற்கு நீங்கள் நிரப்பும் படிவத்தில், எங்கெங்கே வசித்தீர்கள், வெளிநாட்டில் உறவினர் யார் என்று கேட்பார்கள். நீங்கள் உண்மையை எழுதுவீர்கள். பழைய கோப்பில் பிழையான ஆண்டு இருந்தால், இரண்டையும் ஒப்பிடுபவரின் கண்ணுக்கு நீங்கள் எழுதியதுதான் சந்தேகமாகப் படும். பாதி உறவெல்லாம் வன்னியிலும் கொழும்பிலும் டொரொண்டோவிலும் இருக்கிற நமக்கு, அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது மற்றவர்களைவிடக் கடினம்.

சாதாரண ஆளுக்குத்தான் இப்படி நடக்கும், பெரிய இடத்தில் இருப்பவர்கள் தப்பிவிடுவார்கள் என்று நினைக்கிறீர்களா? இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் வி. கே. சிங்கைப் பாருங்கள். அவர் பிறந்தது 1951 மே 10 என்பது அவருடைய வாதம். பள்ளிச் சான்றிதழும் அப்படித்தான் சொன்னது. ஆனால் பள்ளி மாணவனாக 1965-இல் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குப் போட்ட விண்ணப்பத்தில் 1950 என்று விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சிரிக்காமல் யோசிக்க வேண்டும். ராணுவத் தலைமையகத்தில் ஒரு கிளை அவருடைய பிறந்த ஆண்டை 1951 என்று வைத்திருந்தது, பதவி உயர்வு பார்க்கும் இன்னொரு கிளை 1950 என்று வைத்திருந்தது. ஒரே மனிதர், ஒரே தலைமையகம், இரண்டு பிறந்தநாள். நாற்பது ஆண்டுக்கு மேல் அப்படியே ஓடியது. இடையில் மேல் பதவிக்குப் போகும் கட்டத்தில், 1950-ஐ ஏற்பதாக அவரிடம் எழுதி வாங்கிவிட்டார்கள். தலைமைத் தளபதியான பிறகு திருத்தக் கேட்டார். 2011-இல் பாதுகாப்பு அமைச்சகம் மறுத்தது. 2012 ஜனவரியில் பதவியில் இருக்கும்போதே உச்ச நீதிமன்றம் போனார். பிப்ரவரி 10-ஆம் தேதி நீதிபதிகள் லோதா, கோகலே அமர்வு, அரசாங்கத்தின் முடிவில் தலையிட மனமில்லை என்பதை வெளிப்படையாகக் காட்டியதும் மனுவைத் திரும்பப் பெற்றார். அந்த ஆண்டு மே 31-இல் ஓய்வு.

பத்து லட்சத்துக்கும் அதிகமான வீரர்களுக்குத் தலைவராக இருந்தவரால் தன் கோப்பில் ஒரு இலக்கத்தை மாற்ற முடியவில்லை. அவர் சொன்ன தேதி சரியா பிழையா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நீயே ஏற்று எழுதிக் கொடுத்திருக்கிறாயே, இத்தனை காலம் ஏன் கேட்கவில்லை என்பதுதான் அவருக்கு எதிராக நின்றது.

தமிழ்நாட்டில் ராணுவக் குடும்பங்களைக் கேட்டாலும் இதே கதை. மனைவியின் பெயர், பிள்ளைகளின் பிறந்த தேதி எல்லாம் பார்ட் டூ ஆர்டர் என்ற சேவைப் பதிவு உத்தரவில் ஏற வேண்டும். வீரர் சேவையில் இருக்கும்போது அதைக் கவனிக்காமல் விட்டால், அவர் காலமான பிறகு விதவை வெலிங்டனிலுள்ள ஆவண அலுவலகத்துக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் நடக்க வேண்டியதாகிறது. ஆதாரில் ஒரு எழுத்து, சேவைப் பதிவில் இன்னொரு எழுத்து. எந்தத் தாளை எடுத்தாலும் பெயர் வேறு. ஓய்வூதியம் வர வேண்டிய வயதில் அலைச்சல்தான் வருகிறது.

கோப்பே இல்லாமல் போவதும் உண்டு. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த ஆளணி ஆவணக் காப்பகம் 1973 ஜூலை 12-இல் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரையான கோப்புகள் எரிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. அதற்குப் பிறகு உதவித்தொகை கேட்டவர்களில் பலர் தப்பியது, வீட்டுப் பெட்டியில் கிடந்த விடுவிப்புச் சான்றாலும் பழைய சம்பளத் தாளாலும்தான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் கோப்பைக் கேளுங்கள். 2018 மே 25 முதல் ஐரோப்பாவில் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளின் 15-ஆம் பிரிவு, உங்களைப் பற்றி வைத்திருப்பதைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. முதல் நகல் இலவசம். 16-ஆம் பிரிவு பிழையைத் திருத்தக் கேட்கும் உரிமை. ரகசியம் என்று சில பகுதிகளை மறைப்பார்கள். அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். உங்கள் பெயர், தேதி, பயிற்சி, பணிக்காலம், மருத்துவக் குறிப்பு ஆகியவற்றில் பெரும்பகுதி ரகசியத்தில் சேராது. டிஜிட்டல் போஸ்ட் வழியாகப் படைத்துறையின் ஆளணிப் பிரிவுக்கு எழுதுங்கள். தொலைபேசியில் கேட்டு, சரி பார்க்கிறோம் என்ற பதிலோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். பேச்சுக்குச் சாட்சி இல்லை, தேதியும் இல்லை.

திருத்தக் கடிதத்தில் கதை எழுதாதீர்கள். நம்மவர்களின் கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன். தொண்ணூறாம் ஆண்டு வந்திறங்கியதிலிருந்து தொடங்கி மூன்று பக்கம் போகும். பிழை எது என்பது கடைசிப் பக்கத்தில் ஒரு மூலையில் இருக்கும். எந்தத் தாள், அதில் எந்த வரி, இப்போது என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதியிருக்க வேண்டும், அதற்கு என்ன ஆதாரம் இணைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அரைப்பக்கம் போதும். பழைய பெயர், பழைய ஆள் எண் இருந்தால் அதையும் ஒரு வரியில் எழுதுங்கள். யார் யாருக்கெல்லாம் இந்தப் பிழையான விவரம் ஏற்கெனவே அனுப்பப்பட்டதோ அவர்களுக்கும் திருத்தத்தை அறிவியுங்கள் என்று ஒரு வரி சேர்க்க மறக்காதீர்கள். அதைக் கேட்க 19-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. கேட்காவிட்டால், ஒரு அலுவலகத்தில் திருந்தியது இன்னொரு அலுவலகத்தில் பழையபடியே கிடக்கலாம்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: இங்கே அரசாங்க அலுவலகங்கள் பழைய தாளைக் கிழித்தெறிவதில்லை. எந்த அடிப்படையில் அன்று முடிவெடுத்தார்கள் என்பதைக் காட்ட அது தேவை. எனவே அழிக்கச் சொன்னால் பெரும்பாலும் மறுப்பார்கள்; சரியான விவரத்தைக் குறிப்பாகச் சேர்க்கச் சொன்னால் சேர்ப்பார்கள். அலுவலகமும் நீங்களும் ஒத்துப்போகாவிட்டால்கூட, இந்த விவரத்தை இவர் மறுக்கிறார் என்ற உங்கள் தரப்பைக் கோப்பில் சேர்க்கச் சொல்லலாம். அதை வாங்காமல் விடாதீர்கள். தேதி, பெயர், இடம் என்பவை உண்மை விவரங்கள், அவற்றைத் திருத்தலாம். இவருக்குப் பொறுமை குறைவு என்று ஒரு சார்ஜண்ட் எழுதியது அவருடைய மதிப்பீடு. அது பிழை என்று சண்டை பிடித்தால் ஆண்டுக் கணக்கில் போகும், தேதித் திருத்தமும் அதோடு சேர்ந்து தொங்கும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கையை உரத்தே சொல்கிறேன். கடிதம் எழுதித் தருகிறேன் என்று யாராவது உங்கள் மிட்ஐடியைக் கேட்டால் கொடுக்காதீர்கள். கோயில் திருவிழாவில் பழக்கமானவர், சொந்தக்காரர், நல்ல மனிதர் என்பதெல்லாம் வேறு. மிட்ஐடி என்பது உங்கள் கையெழுத்து, வங்கிச் சாவி, டாக்டர் கோப்பு எல்லாம் சேர்ந்தது. டேனிஷ் சரளமாகத் தெரிந்த பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எழுதட்டும், அனுப்பும் பொத்தானை நீங்களே அழுத்துங்கள். வாசித்துப் புரியாத எந்தத் தாளிலும், இப்போதைக்கு ஒப்புக்கொண்டு போடுங்கள் பிறகு பார்க்கலாம் என்று யார் சொன்னாலும், ஒப்பம் வைக்காதீர்கள். ஜெனரல் சிங்கை மடக்கியது அந்த ஒப்பம்தான்.

கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ, பிள்ளையின் வேலைக்குப் பாதகமாகுமோ என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாட்டில் தாள்களைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை தமிழருக்கு யாரும் பிச்சை போட்டது இல்லை. 1987-இல் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் மனைவி மக்களை அழைக்கும் விண்ணப்பங்களை எடுக்காமல் கிடப்பில் போட வைத்தார். சட்டப்படி உரிமை இருந்தும் குடும்பங்கள் போருக்குள் காத்துக் கிடந்தன. அரசாங்க அலுவலகங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மனிடம் விஷயம் போனது. அவர் விசாரித்துக் கண்டித்தார். அங்கே தொடங்கியதுதான் பிறகு பெரிய விசாரணையாகி, 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகும் வரை போனது. 1995-இல் நின்-ஹான்சனுக்கு அரச நீதிமன்றம் 4 மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கொடுத்தது. எழுதிக் கேட்ட தாள்கள் இல்லாமல் இதில் எதுவும் நடந்திராது. உங்கள் பிள்ளையின் பிறந்த தேதியைத் திருத்தக் கேட்பதற்கு நீங்கள் பயப்படத் தேவையே இல்லை.

கெடுவைக் கவனியுங்கள். உங்கள் கடிதம் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். சிக்கலான விஷயம் என்றால் மேலும் 2 மாதம் எடுக்கலாம், ஆனால் அதையும் முதல் மாதத்துக்குள்ளேயே காரணத்தோடு அறிவிக்க வேண்டும். அனுப்பிய அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள். பதில் இல்லாவிட்டால் அதே கடிதத்தை இணைத்து நினைவூட்டல். அதற்கும் அசையாவிட்டால் தரவுப் பாதுகாப்பு ஆணையமான டேட்டாடில்சூனெட்டுக்கு முறைப்பாடு. அதற்குக் கட்டணம் இல்லை. மற்ற வழிகள் எல்லாம் முடிந்த பிறகு ஓம்புட்ஸ்மனிடம் போகலாம், ஆனால் முடிவு வந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

சேவையை முடித்து இந்தக் கோடையில் வெளியே வரும் பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. சீருடையைத் திருப்பிக் கொடுக்கும் வாரத்திலேயே சேவைச் சான்றை வாசித்துப் பாருங்கள். தொடங்கிய நாள், முடிந்த நாள், வண்டி ஓட்டும் அனுமதி, முதலுதவிப் பயிற்சி, பட்ட காயம் எல்லாம் ஏறியிருக்கிறதா என்று பிரிவு அலுவலகத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். அன்று உங்களைத் தெரிந்தவர் அங்கே இருப்பார், பத்து நிமிஷத்தில் முடியும். நகல் ஒன்றை உங்கள் கணினியில் வையுங்கள், இன்னொன்றை அச்செடுத்து அம்மாவிடம் கொடுங்கள். கடவுச்சீட்டுகள் இருக்கும் அந்த அலுமாரியிலேயே அதுவும் இருக்கட்டும்.